காலரா வார்டிலிருந்து கன்றுத் தொழுவத்துக்கு: நீரேற்றச் சிகிச்சையின் ஒரு வரலாறு

பிறந்து ஒரு வாரமே ஆன கன்று கழிச்சலால் இறக்கும்போது, அதன் உயிரைப் பறிக்கும் உடனடிக் காரணம் பெரும்பாலும் நீரும் உப்பும் காரமும் உடலைவிட்டு வெளியேறியதே. கிருமி அந்த இழப்பைத் தொடங்கிவைக்கிறது, இழப்புதான் கொல்கிறது. இழந்ததை உரிய நேரத்தில், உரிய அளவில், உரிய கலவையில் திருப்பிக் கொடுத்தால் கன்று பிழைக்கும் என்பது இன்று கால்நடை மருத்துவ மாணவர் எவரும் அறிந்த பாடம். இந்தப் பாடத்தின் பெரும்பகுதி மனிதரின் காலரா நோயிலிருந்து கற்கப்பட்டது. அதிலும் கணிசமான பகுதி கல்கத்தாவில் கற்கப்பட்டது. ஆயினும் காலரா வார்டுக்கும் கன்றுத் தொழுவத்துக்கும் இடையிலான பாதை நேரானதாக இருக்கவில்லை. அறிவு இருந்தும் அது ஏற்கப்படாமல் போன இடைவெளிகள் இதில் பல. அந்த இடைவெளிகளை நோக்கினால், ஒரு சிகிச்சையின் வரலாறு என்பது கண்டுபிடிப்புகளின் பட்டியல் மட்டுமன்று, எந்த உயிருக்கு எப்போது மதிப்பு அளிக்கப்பட்டது என்பதன் வரலாறும்கூட என்பது விளங்கும்.

1831ஆம் ஆண்டின் இறுதியில் காலரா இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை அடைந்தது. எடின்பரோவில் பட்டம் பெற்ற வில்லியம் புரூக் ஓ'ஷாக்னசி என்னும் 22 வயது அயர்லாந்து மருத்துவர் அங்கே சென்று நோயாளிகளின் குருதியை வேதியியல் முறையில் பகுத்தாய்ந்தார். குருதி தன் நீரில் பெரும்பகுதியையும், உப்புகளையும், காரத்தையும் இழந்திருப்பதையும், அவ்வாறு இழந்தவை மலத்தில் காணப்படுவதையும் அவர் கண்டார். நீரையும் உப்பையும் மீண்டும் குருதிக்குள் சேர்ப்பதே சிகிச்சை என்னும் முடிவை ‘லான்செட்’ இதழின் வழியே வெளியிட்டார். 1832ஆம் ஆண்டின் மே மாதத்தில் ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா இதனைச் செயலாக்கினார். அவருடைய முதல் நோயாளி முதிய பெண்ணொருவர்; இறக்கும் தறுவாயில் இருந்தவர். சிரை வழியே உப்புநீர் செல்லச் செல்ல அவருடைய நாடி திரும்பியது, முகம் தெளிந்தது. ஆனால் நோய் நிற்கவில்லை. மீண்டும் நீர் வெளியேறியது. சில மணி நேரத்தில் அவர் இறந்தார். ஒருமுறை கொடுத்தது போதாது, இழப்பு தொடரும் வரை ஈடும் தொடர வேண்டும் என்னும் பாடத்தை லாட்டா இதிலிருந்து கற்றார்.

லாட்டா 1833இல் காலமானார். அதே ஆண்டு ஓ'ஷாக்னசி கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்து, காலராவின் தாயகமாகக் கருதப்பட்ட வங்கத்துக்கே வந்து சேர்ந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். கஞ்சாவின் மருத்துவப் பயனை ஆய்ந்தார். பின்னர் இந்தியாவின் தந்தித் தடத்தை அமைத்த பொறுப்பாளராகப் புகழ்பெற்றார். காலராவுக்கு அவர் கண்ட வழியோ அவருடனேயே பின்தங்கிவிட்டது. கொதிக்கவைக்காத நீர், தூய்மையற்ற ஊசி, அளவறியாத கலவை ஆகியவற்றால் சிரைவழிச் சிகிச்சை ஆபத்தானதாக இருந்ததும் உண்மை. இறுதிக் கட்டத்தை எட்டியவர்களுக்கு மட்டும் அது அளிக்கப்பட்டதால் இறப்பும் மிகுதியாக இருந்தது. குருதி வடித்தலும் பேதி மருந்தும் நிலைபெற்றிருந்த மருத்துவ உலகில், நீரை இழந்தவனுக்கு நீர் கொடு என்னும் எளிய கருத்து ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஓரமாகக் கிடந்தது.

அதை மீட்டவர் லெனார்ட் ராஜர்ஸ். இவருடைய வாழ்க்கையில் கால்நடை மருத்துவ வரலாற்றுக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு பகுதி உண்டு. 1889இல் புனாவில் தொடங்கப்பட்டு, பின்னர் குமாவோன் மலையிலுள்ள முக்தேஸ்வருக்கு மாற்றப்பட்ட இம்பீரியல் பாக்டீரியாலஜிகல் ஆய்வகம்தான் இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி. 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் ராஜர்ஸ் அங்கே பணியாற்றினார். மாடுகளின் வெக்கை நோய் குறித்து ஆய்வு செய்தார். வெக்கை நோயில் மாடுகள் கடும் கழிச்சலால் நீர் வற்றியே மடியும். அங்கிருந்து கல்கத்தாவுக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் நோயியல் பேராசிரியரான அவர், 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் காலரா நோயாளிகளுக்குச் செறிவு மிகுந்த உப்புநீரைச் சிரைவழி செலுத்தும் முறையை உருவாக்கினார். குருதியின் ஒப்படர்த்தியைப் படுக்கையருகிலேயே அளந்து, அதன்படி நீரின் அளவை முடிவு செய்தார். நோயாளியின் தோற்றத்தைக் கொண்டு ஊகிப்பதற்கு மாறாக அளந்து கொடுப்பது என்னும் நெறி இங்கே தோன்றியது. அவருடைய மருத்துவமனையில் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மணிலாவில் ஆய்வு செய்த செல்லார்ட்ஸ் காலராவில் காரமும் இழக்கப்படுவதை வலியுறுத்த, ராஜர்ஸும் பின்னர் சோடியம் பைகார்பனேட்டைச் சேர்த்துக்கொண்டார்.

ஒரே மனிதர் மாட்டின் கழிச்சலையும் மனிதனின் கழிச்சலையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் கண்டிருக்கிறார். ஆயினும் நீரேற்றச் சிகிச்சை மனித மருத்துவமனையில் மட்டுமே வளர்ந்தது. இதற்குக் காரணம் தனிமனிதரின் கவனக்குறைவு அன்று; காலனியக் கால்நடைத் துறையின் அமைப்பே அவ்வாறு இருந்தது. 1871இல் அறிக்கை அளித்த இந்தியக் கால்நடைக் கொள்ளைநோய் ஆணையம் முதல் முக்தேஸ்வர் ஆய்வகம் வரை அத்துறையின் கண் கொள்ளைநோய்களின் மீதும் படைக் குதிரைகளின் மீதும் இருந்தது. நூற்றுக்கணக்கான மாடுகளை ஒரே வாரத்தில் வீழ்த்தி, உழவையும் வரி வருவாயையும் பாதிக்கும் வெக்கை நோய் அரசின் பார்வைக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தொழுவத்திலும் ஒன்றிரண்டாக, ஓசையின்றி இறக்கும் இளங்கன்று எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. தடுப்புச் சீரம் மந்தையைக் காக்கும் கருவி. நீரேற்றமோ ஒற்றை உயிரின் அருகில் மணிக்கணக்கில் அமர்ந்து செய்ய வேண்டிய பணி. மந்தையை அலகாகக் கொண்ட நிர்வாகத்தில் இரண்டாவதற்கு இடமிருக்கவில்லை.

அறிவியலின் அடுத்த பெரும் நகர்வும் கல்கத்தாவிலேயே நிகழ்ந்தது. 1953ஆம் ஆண்டில் இரு வேறு ஆய்வுகள் அந்நகரிலிருந்து வெளிவந்தன. ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, காலரா நோயாளிகள் 186 பேருக்கு வாய்வழியே நீர் கொடுத்துக் குணப்படுத்தியதை ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஒரு லிட்டர் நீரில் 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுக்கோஸும் கலந்த கரைசல் அது. வாந்தியைக் கட்டுப்படுத்த ஒரு மருந்தும், கழிச்சலைக் குறைக்கக் கற்பூரவல்லி இலைச்சாறும் உடன் கொடுக்கப்பட்டன. ஒப்பீட்டுக் குழு இல்லை, உட்கொண்ட நீரும் வெளியேறிய நீரும் அளக்கப்படவில்லை என்னும் குறைகள் அவ்வாய்வில் இருந்தன. குளுக்கோஸ் ஏன் தேவை என்பதற்கான உடலியங்கியல் விளக்கமும் அன்று கிடையாது. மேலை நாட்டு ஆய்வாளர்கள் அக்கட்டுரையைப் பொருட்படுத்தவில்லை. கரைசல் சரியாக இருந்தும் காலம் கனியாமல் போன நிகழ்வு இது.

இரண்டாவது ஆய்வு சம்புநாத் தே என்பவருடையது. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தினால் அந்தப் பகுதி நீரால் பருத்து வீங்குவதை அவரும் அவருடைய சக ஆய்வாளரும் 1953இல் காட்டினர். 1959இல் ‘நேச்சர்’ இதழில் தே வெளியிட்ட கட்டுரை, கிருமியே இல்லாத வடிநீரும் இதே விளைவை உண்டாக்குவதை நிறுவியது. காலரா குடலைச் சிதைத்துக் கொல்வதில்லை. அது சுரக்கும் நச்சு, சிதையாத குடலையே நீர் கொட்ட வைக்கிறது. சிகிச்சையைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு பெரிது. சிதைந்த குடலுக்கு வாய்வழி நீர் கொடுத்துப் பயனில்லை; சிதையாத குடலாயின் அதன் உறிஞ்சும் ஆற்றலைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கன்றுகளுக்கான பாதை தேயின் ஆய்விலிருந்து மற்றொரு கிளையாகப் பிரிகிறது. 1956இல் அவரும் சக ஆய்வாளர்களும் வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து பெற்ற ஈ.கோலை கிருமியின் சில வகைகளும் முயல் குடலில் அதே வீக்கத்தை உண்டாக்குவதைக் காட்டினர். 1967இல் பிரிட்டனில் வில்லியம்ஸ் ஸ்மித்தும் ஷீலா ஹால்ஸும் குடலைக் கட்டி ஆய்வு செய்யும் இதே வழிமுறையைப் பன்றிக்குட்டி, கன்று, ஆட்டுக்குட்டி ஆகியவற்றில் கையாண்டு, கன்றின் குடலில் நீர் பெருகச் செய்யும் ஈ.கோலை வகைகளைப் பிரித்தறிந்தனர். கன்றின் முதல் சில நாட்களில் வரும் நீர்க்கழிச்சலுக்கு முதன்மைக் காரணமாக இன்று கற்பிக்கப்படும் கே99 ஒட்டுப்புரதம் கொண்ட ஈ.கோலையும் நச்சின் வழியே இயங்குவதே. காலரா நச்சும் அதன் நச்சும் உயிரணுவுக்குள் வேறு வேறு தூதுப் பொருள்களைத் தூண்டினாலும், குளோரைடும் நீரும் குடலுக்குள் கொட்டுவது என்னும் முடிவு ஒன்றே. வங்கத்து நோயாளியும் வேல்ஸ் நாட்டுக் கன்றும் ஒரே பொறிமுறையால் நீர் இழந்தனர் எனலாம்.

1960இல் பிராகு நகரில் நடந்த கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் ஒரு கருதுகோளை முன்வைத்தார். சிறுகுடலின் உயிரணுக்கள் குளுக்கோஸையும் சோடியத்தையும் இணைத்தே உள்வாங்குகின்றன. சோடியம் சென்ற வழியே நீரும் செல்லும் என்பது அது. சட்டர்ஜியின் கரைசலுக்கு விளக்கம் ஏழு ஆண்டுகள் கழித்து, வேறொரு கண்டத்தில் கிடைத்தது. 1968இல் டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும், உட்கொள்ளலையும் இழப்பையும் அளந்து, வாய்வழிக் கரைசலால் சிரைவழி நீரின் தேவையை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைக்கலாம் என்று காட்டினர். கல்கத்தாவில் இயங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையமும் இணையான முடிவுகளை எட்டியிருந்தது.

அம்மையத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹாலானபிஸ் 1971இல் எல்லையோரப் பங்காவுன் நகருக்கு அனுப்பப்பட்டார். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து அங்கே குவிந்திருந்த அகதிகளிடையே காலரா பரவியிருந்தது. இரு அறைகளில் 16 படுக்கைகள், தரையெங்கும் நோயாளிகள். சிரைவழி நீர் தீர்ந்துகொண்டிருந்தது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் என்னும் கணக்கில் பொட்டலங்கள் கல்கத்தாவில் கட்டப்பட்டு, முகாமில் பெரிய கலன்களில் கரைக்கப்பட்டன. நோயாளியின் தாயும் தமக்கையும் கணவனும் கோப்பையால் முகந்து புகட்டினர். முகாம்களில் 30 விழுக்காட்டளவில் இருந்த இறப்பு, அவருடைய பொறுப்பில் இருந்தவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. 1978இல் ‘லான்செட்’ தலையங்கம் இச்சிகிச்சையின் அடிப்படைக் கண்டுபிடிப்பை அந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடியது என மதிப்பிட்டது. மஹாலானபிஸ் 2022இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

பங்காவுனில் நிறுவப்பட்டது கலவையின் வேதியியல் மட்டுமன்று. பயிற்சி பெறாத உறவினர் கையால், வாய்வழியே, வீட்டுத் திண்ணையிலேயே உயிர் காக்க முடியும் என்பது அங்கே நிறுவப்பட்டது. தொழுவத்துக்குத் தேவைப்பட்டதும் அதுவே. கால்நடை மருத்துவர் பல கிலோமீட்டர் தொலைவிலும், கன்றின் உயிர் சில மணி நேரத் தொலைவிலும் இருக்கும் சூழலில், மாட்டுக்காரரின் கையில் இருக்கும் பொட்டலமே முதல் சிகிச்சை.

கன்றுகளில் இச்சிகிச்சை 1970களில் முறையாக ஆராயப்பட்டது. 1977இல் பைவாட்டர் குளுக்கோஸுடன் கிளைசின் என்னும் அமினோ அமிலத்தையும் சேர்த்த உப்புக் கரைசலைக் கழிச்சல் கண்ட கன்றுகளில் மதிப்பிட்டு வெளியிட்டார். சோடியத்தை உள்ளே இழுத்துச் செல்லும் இரண்டாவது வழி கிளைசின். ஆனால் மனிதரில் பெற்ற பாடத்தை அப்படியே கன்றுக்குப் பொருத்த முடியாது என்பது விரைவில் தெளிவாயிற்று. கனடாவில் ஜோனதன் நேலர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வாரத்துக்கு மேற்பட்ட வயதுடைய கழிச்சல் கன்றுகளில் குருதியின் அமிலத்தேக்கம் இளைய கன்றுகளைவிடக் கடுமையாக இருப்பதைக் காட்டியது. கண் அதிகம் குழியாத, தோல் அதிகம் சுருங்காத கன்றும் எழ முடியாமல் கிடக்கலாம். அதன் சிக்கல் நீர்க்குறைவைவிட அமிலத்தேக்கமே. 2000க்குப் பின் வந்த ஆய்வுகள், செரிக்காத பால் பெருங்குடலில் நொதித்து உண்டாகும் டி-லாக்டேட் இந்த அமிலத்தேக்கத்திலும் கன்றின் சோர்விலும் பெரும்பங்கு வகிப்பதை வெளிப்படுத்தின.

இதனால் கரைசலின் கணக்கு மாறுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 1975 முதல் பரப்பிய ஓ.ஆர்.எஸ். கலவையில் லிட்டருக்குச் சோடியம் 90, பொட்டாசியம் 20, குளோரைடு 80 மில்லிமோல். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டிக் குளோரைடைக் கழித்தால் கிடைக்கும் வலிய அயனி வேறுபாடு 30. கரைசலின் அமிலமுறிப்பு ஆற்றலை உணர்த்தும் எண் அது. 2002இல் குழந்தைகளின் நலன் கருதிக் கலவை நீர்க்கப்பட்டது. சோடியம் 75, பொட்டாசியம் 20, குளோரைடு 65. வேறுபாடு அதே 30. கன்றுகளுக்கு இன்று பரிந்துரைக்கப்படுவதோ சோடியம் 90 முதல் 130 வரையும், வலிய அயனி வேறுபாடு 60 முதல் 80 வரையும். ஆகவே மருந்துக்கடையில் கிடைக்கும் மனிதருக்கான பொட்டலம் கன்றுக்கு நீரைத் தரும். அமிலத்தேக்கத்தைத் தீர்க்கும் அளவுக்குக் காரத்தைத் தராது. அவசரத்தில் அது எதுவும் இல்லாமையைவிட மேல். ஆயினும் ஒவ்வொரு கலவையும் தான் யாருக்காக உருவாக்கப்பட்டதோ அந்த உடலின் வரலாற்றைச் சுமந்திருக்கிறது என்பதற்கு இந்த எண்கள் சான்று.

களத்தில் இக்கணக்கு எவ்வாறு செயல்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 25 கிலோ எடையுள்ள கன்று 8 விழுக்காடு நீரிழப்பில் இருந்தால், ஏற்கெனவே இழந்த நீர் 2 லிட்டர். அன்றாடத் தேவையும் தொடரும் கழிச்சலில் போவதும் இதற்கு மேல். காரக் குறைபாடு லிட்டருக்கு 20 மில்லிமோல் என்று கொண்டால், எடையை அதனாலும் 0.6 என்னும் காரணியாலும் பெருக்க 300 மில்லிமோல் கிடைக்கிறது. அது ஏறத்தாழ 25 கிராம் சோடியம் பைகார்பனேட். 1.3 விழுக்காட்டுச் சமச்செறிவுக் கரைசலாகச் சிரைவழி கொடுப்பதாயின் சுமார் 2 லிட்டர். நீரிழப்பைக் கண்டறிய ஆய்வகம் தேவையில்லை. 1998இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் கான்ஸ்டபிளும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, கண்விழி குழிந்திருக்கும் ஆழமும் கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பும் நேரமும் நம்பத்தக்க அளவுகோல்கள் என்று காட்டியது. கண்விழிக்கும் இமையின் உள்மூலைக்கும் இடையே இடைவெளி சுமார் 4 மி.மீ. எட்டினால் இழப்பு 8 விழுக்காட்டை ஒட்டியது எனக் கொள்ளலாம். விரலைச் சப்பும் வலிமை கன்றுக்கு இருந்தால் வாய்வழி. சப்பாமல், கால்கள் குளிர்ந்து, எழ முடியாமல் கிடந்தால் சிரைவழி. ராஜர்ஸ் ஒப்படர்த்தியைக் கொண்டு அளந்ததன் மரபில் வந்ததே இதுவும்: ஊகிக்காதே, அள.

ராஜர்ஸுக்கு மற்றொரு தொலைதூர எதிரொலியும் உண்டு. 1980இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் குருதி இழந்த நாய்களுக்கு 7.5 விழுக்காட்டு உப்புநீரைச் சிறிதளவே செலுத்திக் குருதி அழுத்தத்தை மீட்டனர். அதைத் தொடர்ந்து 7.2 விழுக்காட்டு உப்புநீர் கன்றுச் சிகிச்சைக்குள் வந்தது. கிலோவுக்கு 4 முதல் 5 மில்லி லிட்டர் என்னும் அளவில், 25 கிலோ கன்றுக்கு 100 முதல் 125 மில்லி லிட்டர் போதும். அதனுடன் வாய்வழிக் கரைசலும் கட்டாயம் கொடுக்கப்பட வேண்டும். மருத்துவர் தம் பையில் எடுத்துச் செல்லக்கூடிய அளவு இது. செறிவும் நோக்கமும் ராஜர்ஸின் முறையிலிருந்து வேறுபடினும், செறிவு மிகுந்த உப்புநீர் என்னும் கருத்து ஒரு நூற்றாண்டின் இறுதியில் மாட்டினத்தை வந்தடைந்தது.

பாலை நிறுத்துவது குறித்த விவாதமும் இரு மருத்துவங்களிலும் ஒரே வடிவில் நடந்தது. குடலுக்கு ஓய்வு கொடுப்பது என்னும் பெயரில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையைப் பட்டினி போடுவது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. கன்றுக்கும் பால் நிறுத்தப்பட்டது. வாய்வழிக் கரைசல் நீரைத் தரும். வளரும் உடலுக்கு வேண்டிய ஆற்றலைத் தராது. பாலை நிறுத்திய கன்று எடை இழந்து மெலிந்தது. 1980களின் இறுதியில் வெளிவந்த ஆய்வுகளுக்குப் பின், பாலைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும், கரைசலை அதனுடன் கலக்காமல் தனி வேளையில் கொடுக்க வேண்டும் என்னும் நெறி வலுப்பெற்றது. பைகார்பனேட்டும் சிட்ரேட்டும் நான்காம் இரைப்பையில் பால் திரிவதைத் தடுக்கும் என்பதே தனி வேளைக்குக் காரணம். தாய்ப்பாலை நிறுத்தாதே என்று குழந்தை மருத்துவர்கள் தாய்மாரிடம் சொன்னதும் இதே காலத்தை ஒட்டியே.

கன்றுகள் மனிதரிடமிருந்து பெற்றுக்கொண்டது மட்டும் இவ்வரலாற்றில் இல்லை. திருப்பிக் கொடுத்ததும் உண்டு. 1969இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சார்லஸ் மீபஸும் சக ஆய்வாளர்களும் கழிச்சல் கண்ட கன்றுகளில் ஒரு வைரசைக் கண்டறிந்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1973இல், மெல்பர்னில் ரூத் பிஷப்பின் குழு வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளின் குடலில் அதே குடும்பத்தைச் சேர்ந்த வைரசைக் கண்டது. அதுவே ரோட்டா வைரஸ். மனிதருக்கான முதல் ரோட்டா தடுப்பூசி முயற்சிகளில் ஒன்று நெப்ராஸ்காக் கன்றின் வைரசைக் கொண்டே செய்யப்பட்டது. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் மகாராஜ் கிஷன் பானின் குழு பச்சிளங்குழந்தைகளிடம் கண்டறிந்த 116ஈ என்னும் வகை, மாட்டு வைரசின் ஒரு மரபணுவை இயல்பாகவே ஏற்றிருந்த மனித வைரஸ். அதிலிருந்து உருவான ரோட்டாவாக் தடுப்பு மருந்து 2016இல் இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தொழுவமும் வீடும் அடுத்தடுத்து இருக்கும் நாட்டில் கன்றின் வைரசும் குழந்தையின் வைரசும் கலந்ததன் விளைவு, இன்று குழந்தைகளைக் காக்கிறது.

இத்தனைக்கும் பின் எஞ்சும் வினா, இந்தியக் கன்றுக்கு இவ்வறிவு எந்த அளவுக்குச் சென்று சேர்கிறது என்பதே. இதற்கு விடை குடலியலில் இல்லை. பாலின் பங்கீட்டில் இருக்கிறது. மனிதச் சிசு கருவிலேயே தாயின் எதிர்ப்புப் புரதங்களைப் பெற்றுவிடுகிறது. பசுவின் நச்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. கன்று அவற்றைச் சீம்பாலிலிருந்து மட்டுமே பெற வேண்டும், அதுவும் பிறந்து ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள். சீம்பால் கிடைக்காத கன்றுகள் பெரும்பாலும் மடிவதைத் தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும் 1922இலேயே காட்டினர். இந்தியாவின் பல பகுதிகளிலோ நச்சுக்கொடி விழும் வரை கன்றைப் பால் குடிக்கவிடாத வழக்கம் இன்றும் உண்டு. மகாராஷ்டிரத்தில் கர்வஸ், ஆந்திரத்தில் ஜுன்னு, கருநாடகத்தில் கின்னு எனச் சீம்பால் மனிதரின் இனிப்புப் பண்டமாகிறது. மிகுதியானதை மனிதர் உண்பதில் தவறில்லை. முதல் பங்கு யாருக்கு என்பதே கேள்வி.

1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் பாலைச் சந்தைப் பொருளாக ஊர்தோறும் கொண்டு சென்றது. உழவில் டிராக்டரும் இனப்பெருக்கத்தில் செயற்கைக் கருவூட்டலும் பரவியபோது காளைக்கன்றின் தேவை சுருங்கியது. கன்று குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் விற்பனையில் குறையும் ஒரு லிட்டராகக் கணக்கிடப்பட்டது. எருமையின் கிடாக்கன்றின் நிலை இதனினும் மோசம். கழிச்சல் கண்ட கிடேரிக்கன்றுக்கு மருத்துவர் அழைக்கப்படும் வீட்டிலேயே, காளைக்கன்று விதியின் கையில் விடப்படுவதுண்டு. இரண்டின் குடலும் ஒன்றுதான். சோடியமும் குளுக்கோஸும் இரண்டிலும் ஒரே வாயில் வழியே நுழைகின்றன. உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு, தூய நீர் ஆகியவற்றின் விலை ஒரு வேளைப் பாலின் விலையை மிஞ்சுவது அரிது. எனவே இங்கே சிகிச்சையைத் தடுப்பது செலவன்று, மதிப்பீடு.

1832இல் லாட்டாவின் முறை கைவிடப்பட்டதற்குக் கருவிகளின் குறை ஒரு காரணமாக இருந்தது. 1953இல் சட்டர்ஜி புறக்கணிக்கப்பட்டதற்கு விளக்கமின்மை காரணமாகச் சொல்லப்பட்டது. இன்று கருவியும் விளக்கமும் இரண்டும் உள்ளன. கால்நடை விரிவாக்கப் பணியில் இருப்போரும் அதை ஆராயும் மாணவரும் அடுத்துக் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். கன்றுக்கென வகுத்த கலவை எத்தனை கால்நடை மருந்தகங்களில் இருப்பில் உள்ளது? பால் கூட்டுறவுச் சங்கத்தின் கொள்முதல் நிலையத்தில், தீவன மூட்டைக்கு அருகே, அந்தப் பொட்டலத்துக்கும் ஓர் இடம் உண்டா? சங்கத்தின் பதிவேட்டில் பாலின் அளவும் கொழுப்புச் சத்தும் நாள்தோறும் இரு வேளை எழுதப்படுகின்றன. பிறந்த கன்றுகளும் இறந்த கன்றுகளும் அதே பதிவேட்டில் ஒரு பத்தியாக எழுதப்படத் தொடங்கினால், காலனிய ஆவணங்களில் இடம்பெறாத அந்த உயிர் முதன்முறையாகக் கணக்கில் வரும்.